பாதி வாசித்த ஸ்தோத்திரம்

ஜனவரி 20, திங்கள்

டாக்டரம்மா சொன்னதால் எழுதுகிறேன். நெஞ்சுக் குழாயில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள். ஒரு மாசத்துக்கு என்ன சாப்பிட்டேன், பிரஷர் எவ்வளவு, மாத்திரை போட்டேனா என்று குறித்துக்கொண்டு வர வேண்டுமாம். மருமகள் மெர்லின் டீச்சர். பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கொடுத்த டைரியை என்னிடம் தந்தாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணும், ஞாபகம் கோணாது.

காலை இட்லி மூன்று. மதியம் சோறும், ரசம் என்ற பெயரில் வெந்நீரும். பிரஷர் 150/90.

மெர்லின் இன்று நாலு தடவை "எப்படி இருக்கு அத்தை?" என்று கேட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஏதோ இருக்கிறது.

ஜனவரி 23, வியாழன்

இருந்தது.

"அத்தை, சனிக்கிழமை வீட்டுல ஒரு ஸ்தோத்திர ஜெபம் வச்சிருவமா? சபை ஐயரையும் தெருக்காரங்களையும் கூப்பிட்டு, ஒரு டீ, ஒரு வடை. ஆண்டவர் உயிரத் திருப்பித் தந்திருக்காருல்லா."

"எனக்கு வடை கிடையாது. ஊரு திங்கிறத நான் பாத்துட்டு இருக்கணுமா?"

"வடையா அத்தை முக்கியம்?"

"முக்கியமில்லன்னா எதுக்கு சுட?"

துணி மடித்தாள். பிறகு, "சரி, கோயில்ல ஒரு காணிக்கைக் கவராவது வைங்க" என்றாள். மாட்டேன் என்றேன். ஏன் என்றாள். முட்டங்கால் வலிக்கிறது என்றேன். கவருக்கும் முட்டங்காலுக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்கவில்லை. நல்ல வளர்ப்பு.

நான் ஜெபம் பண்ணாதவள் இல்லை. வலித்தாலும் காலையும் மாலையும் முட்டங்கால் போடுகிறேன். கேட்க வேண்டியதைக் கேட்பேன். ஸ்தோத்திரம் மட்டும் சொல்வதில்லை. காரணம் ஆண்டவருக்குத் தெரியும். இந்த டைரிக்குத் தெரிய வேண்டாம்.

பிரஷர் 146/88. மாத்திரை போட்டேன்.

ஜனவரி 26, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் பிறகு முதல் தடவையாகக் கோயிலுக்குப் போனேன். மெர்லின் ஆட்டோவில் கூட்டிப் போனாள்.

எங்கள் சபையில் நன்மை பெற்றவர்கள் காணிக்கையைக் கவரில் போட்டு, எதற்காக என்று ஒரு சீட்டில் எழுதி வைப்பார்கள். பிரசங்கத்துக்கு முன்னால் ஐயர் ஒவ்வொன்றாக வாசிப்பார். இன்றைக்கு ஒரு பிரசவம், ஒரு விசா, ஒரு மாடு கன்று ஈன்றது. நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அருமைக்கனி அம்மாளுக்கு ஆண்டவர் தந்த சுகத்துக்காக, பெயர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரி."

கோயில் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது.

யார் இவள்? என் உயிருக்கு ஸ்தோத்திரம் சொல்ல இவளுக்கு யார் உத்தரவு கொடுத்தது? நல்லது செய்கிறவள் பேரை ஏன் மறைக்க வேண்டும்?

திருவிருந்துக்குப் போகும்போது, வழக்கம்போல சொர்ணபாய் எந்தப் பக்கம் முட்டங்கால் போடுகிறாள் என்று பார்த்துக்கொண்டு நான் மறுபக்கம் போனேன். அவள் வாய் வைத்த பாத்திரத்தில் நான் வாய் வைப்பதில்லை. சொர்ணபாய் யார் என்பது இப்போது வேண்டாம்.

பிரஷர் 160/96. காரணம் கேட்டால் ஐயரைக் கேளுங்கள் என்று டாக்டரம்மாவிடம் சொல்வேன்.

ஜனவரி 28, செவ்வாய்

ஓட்ஸ் கஞ்சி. மனுஷர் தின்கிறது இல்லை.

முதலில் மெர்லினை விசாரித்தேன்.

"நான் வச்சா எம்பேர்லயே வைப்பேன் அத்தை. எனக்கென்ன பயமா?"

நியாயமான பதில். ரொம்ப நியாயமாக இருந்ததால் சாயங்காலம் மறுபடியும் கேட்டேன். அதே பதில்தான். விட்டுவிட்டேன்.

மஸ்கட்டிலிருந்து மகன் ஜெபசிங் போனில் வந்தான். "யாரோ ஒருத்தங்க உங்களுக்காக நன்றி சொல்லியிருக்காங்க. சந்தோசப்படுங்களேம்மா" என்றான்.

"உனக்கு இந்த ஊரத் தெரியாதுல."

"நீங்க எல்லாத்தையும் சந்தேகப்படுவீங்க."

"எல்லாத்தையும் இல்ல. உன்ன நம்புதேன். உன் சமையல நம்ப மாட்டேன். வெளிய வாங்கித் தின்னு."

பெண்கள் சங்கத்துத் தலைவியாக இருக்குமோ என்றும் யோசித்தேன். 2011 அசன விருந்தில் என் இலையில் எலும்பாகப் பார்த்துப் போட்டவள் அவள். அவளுக்கு என் உயிர்மேல் அவ்வளவு அக்கறை இருக்காது.

பிப்ரவரி 1, சனி

கோயில்குட்டி தேவதாசன் சபைப் பத்திரிகை கொண்டுவந்தான். மணியடிக்கிறதும் பாய் விரிக்கிறதும் காணிக்கைக் கவர்களை வாங்கி வைக்கிறதும் அவன்தான். உட்கார வைத்து மோர் கொடுத்தேன். பாதி குடித்தபிறகு கேட்டேன்.

"ஏ தேவதாசு, எனக்குக் கவர் வச்சது யாரு?"

"யக்கா, பேரு சொல்லக்கூடாதுன்னுதான பேரு போடல."

"உயிரு யாரது? எனதுதான?"

"உசுரு ஒங்களது. கவரு அவியளது."

"சீட்டையாவது காட்டு."

"நான் எப்படிக்கா காட்ட?" மோரைக் குடித்து முடித்தான். தம்ளரைக் கவிழ்த்து வைத்தான். "நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் ஐயர் ரூமுக்கு வாங்க. மேசையில கெடக்கும். நான் காட்டல, நீங்களாப் பாத்திய."

மோருக்கு உப்புப் போட்டேன். எனக்கில்லை, அவனுக்கு.

பிப்ரவரி 2, ஞாயிறு

பார்த்தேன்.

பேர் இல்லை. பேர் தேவையும் இல்லை. வலப்பக்கம் சாய்ந்த எழுத்து. எழுதி முடித்ததும் அடியில் ஸ்கேல் வைத்தாற்போல ஒரு கோடு. என் வீட்டுக்காரர் பம்பாயில் இருந்த நாலு வருஷமும் மாசத்துக்கு இரண்டு கடிதம் இந்தக் கை எழுதியது. நான் சொல்லச் சொல்ல எழுதும், வாசித்துக் காட்டும், கோடு போடும்.

சொர்ணபாய்.

பிப்ரவரி 3, திங்கள்

இட்லி இரண்டு. பிரஷர் 172/100. வேறு எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

எழுதாவிட்டால் மண்டை வெடித்துவிடும்போல இருக்கிறது. டாக்டரம்மாவிடம் காட்டும்போது இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுக் கொடுப்பேன்.

1983 நவம்பரில் எங்கள் ஊரில் காய்ச்சல் வந்தது. என் பிள்ளையும் சொர்ணபாய் மகன் எபனேசரும் ஒரே வார்டில், அடுத்தடுத்த கட்டிலில். சனிக்கிழமை விடியற்காலை என் பிள்ளை போய்விட்டாள். அன்றைக்குச் சாயங்காலமே அடக்கம். அவனுக்குச் சுகமாகிவிட்டது.

மறுநாள் ஞாயிறு. துக்கவீட்டார் அந்த ஞாயிறு கோயிலுக்குப் போய் முன்வரிசையில் உட்கார வேண்டும் என்பது எங்கள் வழக்கம். போனேன். என் வீட்டுக்காரர் பம்பாயிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தார். மூன்று வயசு ஜெபசிங் மடியில் இருந்தான். அப்போது ஐயருக்குப் பதிலாக ஆராதனை நடத்திய உபதேசியார் எழுந்து காணிக்கைச் சீட்டுகளை வாசித்தார்.

"எபனேசருக்குப் பூரண சுகம் கிடைத்ததற்காக, தாயார் சொர்ணபாய்."

என் பிள்ளையின் குழிமண் காயவில்லை. அவள் அங்கே உட்கார்ந்து ஸ்தோத்திரம் சொல்கிறாள்.

நாற்பத்தொரு வருஷமும் இரண்டரை மாசமும் ஆயிற்று. அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் வீட்டுக்காரர் செத்தபோது தெருமுனை வரை போனேன். அதோடு சரி.

இப்போது என் உயிருக்கும் ஸ்தோத்திரம் போடுகிறாள். செத்தது என் வீடாக இருந்தாலும் பிழைத்தது நானாக இருந்தாலும் ஸ்தோத்திரம் மட்டும் அவளுக்கா?

பிப்ரவரி 6, வியாழன்

மெர்லின் பள்ளிக்கூடம் போனதும் கிளம்பினேன். மூன்று தெரு. இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டேன்.

சொர்ணபாய் வாசலில் உட்கார்ந்து பனங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். கையில் இருந்ததைக் கீழே வைக்கவில்லை.

"உள்ள வா."

"வர மாட்டேன். எனக்கு எதுக்கு ஸ்தோத்திரம் போட்ட? யாரு கேட்டா?"

"நீதான் கேட்ட."

"நானா? எப்ப?"

"ஆஸ்பத்திரியில. வியாழக்கிழமை. ரெண்டு பிள்ளையளுக்கும் காய்ச்சல் விட்டுச்சுல்லா, அன்னைக்கு. நான் ஸ்தோத்திரச் சீட்டு எழுதப் போறேன்னேன். எனக்கும் சேத்து எழுதிப் போட்டுரு சொர்ணம்னு நீ சொன்ன. ஒரே சீட்டுல ரெண்டு பேரையும் எழுதுனேன். கோயில் பெட்டியில போட்டேன்."

நான் பேசவில்லை.

"சனிக்கிழமை இப்படி ஆகும்னு யாரு கண்டா? பெட்டிச் சாவி உபதேசியாருட்ட. நான் உன் வீட்டுல கெடக்கேன். ஞாயித்துக்கிழமை அவரு சீட்ட எடுத்துப் பாத்திருக்காரு. செத்த பிள்ளைக்குச் சுகம்னு எப்படி வாசிக்க? உம் பிள்ள பேர விட்டுட்டு எம் பிள்ள பேர மட்டும் வாசிச்சிட்டாரு."

"மொத்தத்தையும் விட்டுருக்கலாம்லா?"

"விட்டுருக்கலாம். விடல. எனக்கும் எந்திரிச்சுச் சொல்ல நாக்கு எழும்பல."

"பொறவு வந்து சொல்றதுக்கு என்ன?"

"வந்தேனே. மூணு தடவ. ரெண்டு தடவ கதவடச்ச. மூணாவது தடவ தண்ணிய ஊத்துன." கிழங்கின் நாரை இழுத்து எறிந்தாள். "நீ கேட்டதுல பாதிதான் கோயில்ல வாசிச்சாவ. மீதி எனக்குள்ளயே கெடந்துச்சு. நீ ஆஸ்பத்திரியிலேருந்து நடந்து வாரதப் பாத்தேன். போட்டேன். புடிக்கலன்னா போ."

வந்துவிட்டேன். வரும்போது கையில் ஒரு கிழங்கு இருந்தது. அவள் எப்போது கொடுத்தாள், நான் எப்போது வாங்கினேன் தெரியவில்லை. தெருமுனையில் போட்டேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

எல்லாம் பொய். இத்தனை வருஷம் கழித்து எந்தக் கதையும் கட்டலாம். உபதேசியார் செத்து இருபது வருஷம் ஆகிறது, சாட்சிக்கு வரமாட்டார் என்ற தைரியம். நான் அப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகமே இல்லை.

தண்ணீர் ஊற்றியது உண்மை. அது அரிசி கழுவிய தண்ணீர். அழுக்குத் தண்ணீர் இல்லை.

கோதுமை தோசை ஒன்று. பிரஷர் பார்க்கவில்லை.

பிப்ரவரி 8, சனி

"எங்க போனீங்க வியாழக்கிழமை? எதிர்த்த வீட்டம்மா சொன்னாங்க" என்றாள் மெர்லின். தெரு முழுக்க இவளுக்கு ஆள் இருக்கிறது. நடந்தால் நல்லது என்று டாக்டரம்மா சொன்னாள் என்றேன்.

பிப்ரவரி 10, திங்கள்

சொர்ணபாய் சொன்னதில் ஒரு தப்பு இருக்கிறது.

அது வியாழக்கிழமை இல்லை, புதன். நவம்பர் பதினாறு. சாயங்காலம் நாலு மணி, நர்ஸ் மாறுகிற நேரம். சொர்ணபாய் பச்சை வாயில் சேலை உடுத்தியிருந்தாள், முந்தானையில் மை கொட்டிய கறை. நான் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. வேர்வை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அப்போதுதான் சொன்னேன். "எனக்கும் சேத்து எழுதிப் போட்டுரு சொர்ணம். என் எழுத்து கோணும்" என்றேன். அவள் என் தோளில் இடித்தாள்.

அன்றைக்கு நான் மனசாரச் சொன்னேன். ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஸ்தோத்திரம் என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். மூன்றாம் நாள் எடுத்துக்கொண்டார்.

ஆகவேதான் சொல்வதில்லை. வாய்திறந்து நன்றி சொன்னால் என்ன வைத்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துபோகிறது. ஸ்டென்டுக்கு நன்றி சொன்னால் மஸ்கட்டில் ஒருவன் இருக்கிறானே. சத்தமில்லாமல் இருந்தால் விட்டுவைப்பார் என்று இத்தனை வருஷம் சத்தமில்லாமல் இருக்கிறேன். ஆண்டவரையே சந்தேகப்படலாமா என்று மெர்லின் கேட்பாள். அவள் பிள்ளை ஹாஸ்டலில் சுகமாக இருக்கிறது. கேட்பாள்.

சொர்ணபாய்மேல் எனக்கு இருந்த கோபம் அவள்மேல் இருந்ததுதானா என்று யோசிக்கிறேன். மாத்திரை போட்டேன். போடவில்லை. இப்போது போடுகிறேன்.

பிப்ரவரி 12, புதன்

ரேஷன் கடைக்கு மெர்லின் போனாள். நான் அரைக்கீரை ஆய்ந்தேன். ஆய்ந்துகொண்டிருக்கும்போதே ஒன்று தோன்றியது. என் பிள்ளை என்னோடு இருந்த ஐந்து வருஷம் நடந்து முடிந்தது. அதற்கு நன்றி சொன்னால் அதை யாரும் திருப்பி எடுக்க முடியாது. ஆண்டவராலும் முடியாது.

இதில் ஏதாவது சூழ்ச்சி இருக்கிறதா என்று ஆயும்போதும் வேகும்போதும் யோசித்தேன். கீரை தீய்ந்துவிட்டது.

பிப்ரவரி 13, வியாழன்

ஐயரை வரச் சொன்னேன். வந்தார். சின்ன வயசு, போனைக் கையிலிருந்து கீழே வைக்கத் தெரியாதவர். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு சீட்டுத் தருவேன் என்றேன். சுகத்துக்கா பாட்டி என்றார். இல்லை, மகளுக்கு என்றேன். செத்துப்போனவள் என்றதும் போனை வைத்தார்.

"பாட்டி, நினைவு நாள் ஜெபம் மாதிரி வச்சுக்கலாமே. ஸ்தோத்திரம்னா நன்மைகளுக்குத்தான் வழக்கமா..."

"அவ அஞ்சு வருசம் எங்கூட இருந்தா. அது தீமையாய்யா?"

"இல்ல பாட்டி. நன்மைதான்."

"அப்ப வாசிங்க. முழுசா. ஒரு வார்த்தைய விட்டாலும் நானே எந்திரிச்சு வாசிப்பேன்."

வாசிப்பேன் என்றார். கண்ணைப் பார்த்துச் சொன்னார். இருந்தாலும் ஞாயிறு வரட்டும், பார்ப்போம்.

பிப்ரவரி 15, சனி

சீட்டை நானே எழுதினேன். நாலு தடவை. மெர்லின் பக்கத்தில் நின்றாள். எழுதித் தரட்டுமா என்று கேட்கவில்லை. மூன்றாவது தாளில் பேர் எழுதும்போது என் கை நின்றுவிட்டது. மெர்லின் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள், பாத்திரம் ஒன்றுமில்லாமல்.

கவருக்குள் என்ன வைத்தேன் என்பது எனக்கும் ஆண்டவருக்கும்.

பிரஷர் 138/84. எப்படி என்று தெரியவில்லை. மெஷின் கெட்டிருக்கும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஐயர் வாசித்தார்.

"அருமைக்கனி அம்மாள், தன் மகள் பியூலாவை ஐந்து வருஷம், இரண்டு மாசம், நாலு நாள் தனக்குத் தந்ததற்காக."

ஒரு வார்த்தையும் விடவில்லை. சபை ஆமென் சொல்லக் கொஞ்சம் தாமதமானது. பியூலா என்று இன்னொருவர் வாயால் கேட்டு நாற்பத்தொரு வருஷம் ஆயிற்று. வீட்டில் யாரும் சொல்வதில்லை, நான் சொல்ல விட்டதில்லை. ஜெபசிங்குக்கு அக்காள் முகமே ஞாபகம் கிடையாது.

சொர்ணபாய் அழுகிறாளா என்று நான் பார்க்கவில்லை. பார்த்தேன். அழுதாள்.

ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் நின்றாள். நான் போகவில்லை. அவளும் வரவில்லை. மெர்லின்தான், "அத்தை, ஆட்டோ வர நேரமாகும். நிழல்ல நில்லுங்க" என்று என்னைக் கொண்டுபோய் அங்கே விட்டுவிட்டுப் போனாள். ஆட்டோவுக்கு அவள் போன் செய்யவே இல்லை என்று பிறகு தெரிந்தது.

"நாலு நாளு இல்ல, அஞ்சு" என்றாள் சொர்ணபாய்.

"நாலுதான்."

"செப்டம்பர் பதினஞ்சு ராத்திரி பொறந்தா. மருத்துவச்சிக்குத் தண்ணி கொதிக்க வச்சது நானு. பதினஞ்சையும் சேத்து எண்ணு."

"பத்தொம்போது விடியலயே முடிஞ்சிட்டுல்லா. அத எப்படிச் சேக்க?"

இரண்டு பேரும் விரல்விட்டு எண்ணினோம். அவள் சொல்வதிலும் ஒரு கணக்கு இருந்தது. ஒத்துக்கொள்ளவில்லை. இந்த ஊரில் பியூலாவின் நாளை எண்ணத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான் என்று அப்போது நினைத்தேன். இத்தனை வருஷம் அதில் ஒருத்தியோடு நான் பேசவில்லை.

"காய்ச்சல் விட்ட அன்னைக்கு அவ பண்ணுன கூத்த நெனச்சா எனக்கு இப்பவும் சிரிப்பு வரும்" என்றாள்.

"என்ன கூத்து?"

"ஏட்டி, உனக்குத் தெரியாதா? நீ பால் வாங்கப் போயிருந்த. நான் சொல்லலியா?"

எங்கே சொல்வாள். நான்தான் தண்ணீர் ஊற்றினேனே.

"காய்ச்சல் விட்ட தெம்புல கட்டில்மேல எந்திரிச்சு நின்னா. துண்ட எடுத்து ஐயரு மாதிரி ரெண்டு பக்கமும் தொங்கப் போட்டா. நான் வாங்கி வச்சிருந்த பன்ன எடுத்துப் பிச்சா. கட்டில் கட்டிலாப் போய் எல்லாருக்கும் ராப்போசனம் குடுத்தா. எம்பயலுக்கு, பக்கத்துக் கட்டில் கெழவிக்கு, கூட்டுற அம்மாவுக்கு. எங்கிட்ட வந்து, கண்ண மூடிக் கைய நீட்டுங்க சித்தின்னா. நான் நீட்டினேன். கடைசித் துண்ட மட்டும் யாருக்கும் குடுக்கல. தலகாணிக்கு அடியில வச்சா. இது எங்கம்மைக்கு, அவ வரட்டும்னா. நீ வாரதுக்குள்ள அசந்து தூங்கிட்டா."

ஆட்டோவைத் தேடுவதுபோல ரோட்டைப் பார்த்தேன்.

அந்தச் சனிக்கிழமை படுக்கையைச் சுருட்டியது நான்தான். தலையணையைத் தூக்கினால் அடியில் காய்ந்துபோன பன் துண்டு. எபனேசர் தின்றுவிட்டுப் போட்டது என்று நினைத்தேன். அந்த நேரத்திலும் அந்தப் பிள்ளையை ஏசினேன். ஜன்னல் வழியாக வெளியே எறிந்தேன்.

எனக்கு வைத்தது.

இதற்குச் சீட்டு எழுதவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தி, முட்டங்கால் போட்டு ஸ்தோத்திரம் சொன்னேன்.